ஐந்து சாட்சிகள்

பொகவந்தலாவையில் மழை பிடித்த மூன்றாம் நாள்
பிள்ளைகள் இரண்டு பேரும் வந்திருந்த ராத்திரி
கை கழுவி எழும்புமுன் சொன்னேன்:
"நாங்க செத்தா எது யாருக்குன்னு
இன்னைக்கே பேசிருவோம்."

தகரத்தில் மழை நின்றுபோனது போலிருந்தது.
மழை நிற்கவில்லை,
சோறு மெல்லும் சத்தம்தான் நின்றிருந்தது.

"வாயக் கழுவும்மா" என்றாள் லூர்துராணி.
குணரத்தினம் போனுக்குள் குனிந்துகொண்டான்.
இவர் சிரித்தார்.
"லயம் கம்பெனிக்கு. மலை கம்பெனிக்கு.
இடுப்பு வலி மட்டும்தான் நம்ம பேர்ல.
அத யாருக்கு எழுதப்போற?"

இந்தப் பகிடிக்கு வருசக்கணக்காய்ச் சிரித்திருக்கிறேன்.
அன்றைக்கு வரவில்லை.

எட்டாம் லயத்து சவரிமுத்து
ஒரு சொல் சொல்லாமல், ஒரு வரி எழுதாமல் போனார்.
செக்குரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர்.
அது ஒரே ஆள்தான் என்று காட்ட
பெஞ்சாதி அட்டனுக்கும் கொழும்புக்கும் அலைந்த பஸ் காசில்
ஒரு கன்றுக்குட்டி வாங்கியிருக்கலாம்.
இருந்த பசுவுக்கோ மகன்மார் அடித்துக்கொண்டார்கள்.
நடுச்சுவரில் ஓர் ஓட்டை இருந்தது,
இரண்டு காம்பராவும் தீப்பெட்டி மாற்றிக்கொள்ளும் ஓட்டை.
அதற்கும் சிமெந்து பூசினார்கள்.
பசு அடுத்த மாசியில் செத்தது.
சிமெந்து இருக்கிறது.

இதைச் சொன்னதும் குணரத்தினம் போனைக் கவிழ்த்து வைத்தான்.

சி.ஆர். கொப்பியின் பின்பக்கத்திலிருந்து தொடங்கினோம்.
ஈ.பி.எப். ஈ.டி.எப்.
தபால் கந்தோர்ப் புத்தகம்.
உறுதி கைக்கு வந்தால் ஏழு பேர்ச் காணி,
வராவிட்டால் வரும் என்ற பேச்சு.
அடகுக் கடையில் என் சங்கிலி, ரசீது அரிசி டின்னுக்கு அடியில்.
செவலையும் கன்றும்.

"மாடு தங்கச்சிக்கு" என்றான் குணா.
"வெள்ளவத்தையில மூணாம் மாடி, லிப்ட்ல ஏத்தவா?"
என்றாள் அவள்.
அப்போதுதான் முதல்முறை எல்லோரும் சிரித்தோம்,
சாவைப் பற்றிப் பேசிக்கொண்டே.

சிரிப்பு அடங்கும்போது இவர் சொன்னார்:
"கடனையும் எழுது.
டிக்கோயா அல்விஸ் முதலாளிக்குப் பதினெட்டாயிரம்."
பேனை நின்றது.
முப்பத்தொரு வருசம் ஒரே அடுப்பு,
எனக்குத் தெரியாது.
எதற்கென்று நான் கேட்கவில்லை, லூர்துராணி கேட்டாள்.
"ஏ.எல். டியூசனுக்கு" என்றார்
அவளைப் பார்க்காமல்.
அவள் எழும்பிப் போய்
காய்ந்திருந்த தட்டுகளை வெகுநேரம் கழுவினாள்.

நொத்தாரிசு முன்னால் என்றால் இரண்டு சாட்சி போதும்,
அவர் இல்லாவிட்டால் ஐந்து,
எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று
அட்டனில் நடந்த கூட்டத்தில் ஒரு பிள்ளை சொல்லித் தந்திருந்தாள்.
நொத்தாரிசுக்குக் கொடுக்கக் காசில்லை.
ஐந்து பேருக்கு இந்த மலையில் பஞ்சமில்லை.

ஞாயிறு வந்தார்கள்.
மருந்துக்கார வின்சன்ட் ஐயா.
பாண் வேன் நிஸ்தார்.
பிள்ளைக்காம்பரா செல்வநாயகி.
கங்காணி மகன் தனபாலன்.
பக்கத்துக் காம்பரா பவளக்கொடி.
பத்துக்குப் பன்னிரண்டு அறையில்
ஒருவர் முழங்கை ஒருவர் விலாவில்.

இவருடையது ஒன்று.
"எனக்கும் தனியா ஒண்ணு" என்றேன்.
இவர் ஏறிட்டுப் பார்த்தார்.
"கொழுந்து கிள்ளுனது ஒங்க விரலா?" என்றேன்.
வின்சன்ட் ஐயா இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்.

கையெழுத்துப் போடும்போது
விரல் நுனிக் கறை தாளில் பட்டுவிட்டது.
வேறு தாளில் எழுதலாமா என்று தனபாலன் கேட்டான்.
கிடக்கட்டும் என்றேன்.

பிளேன்டீ குடித்து எல்லோரும் போனார்கள்.
பவளக்கொடி மட்டும் வாசலில் நின்றாள்.
புருசன் ஒருத்தியிடம், பிள்ளைகள் இவளிடம்.
சேலை முந்தியைத் திருகிக்கொண்டே கேட்டாள்:
"அந்தக் கொப்பில இன்னும் தாள் மிச்சம் இருக்கா அக்கா?"

ஓரத்தில் கிழித்தால் எதிர்த்தாள் கழன்றுவிடும்.
கம்பியை நிமிர்த்தி
நடுத்தாளாய்ப் பார்த்து
இரட்டையாக எடுத்துக் கொடுத்தேன்.