முட்டி போட்டவள்

பகாவ் மில்லில் இரவு ஷிப்ட்.
எடைப்பாலத்துக்கு லோரி வராத மூன்று மணிக்கு
கைப்பேசியில் பனி பார்க்கிறேன்.
எங்கோ ஒரு குளிர்நாட்டில்
கண்ணாடி போலத் தேய்த்த தரைமேல்
ஒருவன் வலைக்கு முன்னால் நிற்கிறான்.
இங்கே மின்விசிறி சுற்றுகிறது.
செம்பனை வெந்த வாடை
சட்டைக் காலர்வரை ஏறியிருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில்
அவனுக்கு முகமூடி இல்லை.
காலில் கட்டியிருக்கும் பேட்
கிரிக்கெட்காரனிடம் இரவல் கேட்டது மாதிரி.
விழக் கூடாது என்று அன்று சட்டமாம்.
தடுக்க விழுந்தால் அபராதம்.
நின்றுகொண்டே பிடி,
நின்றுகொண்டே தோற்றுப் போ.
எனக்குப் புரிகிற சட்டம்தான்.
காயாக வெட்டிய குலைக்கு
அபராதச் சீட்டில் எண் எழுதுகிறவள் நான்.

அவனை நோக்கி வருவது பந்தில்லை,
கறுத்த ரப்பர் வில்லை.
யார் வெட்டிய பாலோ.
இந்தப் பக்கத்துக் கித்தா மரம் ஒன்று
கடல் தாண்டிப் போய்
அவன் பல்லை உடைத்திருக்கலாம்.
தையலோடு திரும்பி வந்து நிற்கிறான்.
இப்படி எத்தனையோ பேர் நின்ற பிறகு
ஒருவன் முகமூடி போட்டான்.
கோழை என்றார்கள்.
பிறகு எல்லோரும் போட்டார்கள்,
சொன்னவர்கள் வேறு எதையோ சொல்லப் போனார்கள்.

அடுத்த படம் கலர்.
இவன் விழுகிறான். வேண்டுமென்றே.
முட்டி இரண்டும் ஒட்ட,
பாதம் இரண்டும் வெளியே விரிய,
தரையோடு தரையாக ஒரு பட்டாம்பூச்சி.
அதற்குப் பெயரே அதுதானாம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு வராத நாளெல்லாம்
வராந்தாவில் நான் போட்ட முட்டியை
யாரும் பட்டாம்பூச்சி என்று சொன்னதில்லை.

ஞாயிறு, பாடாங்கில்,
எங்கள் டிவிஷன் பெண்கள் ஹாக்கி.
நான் கோல்கீப்பர்.
என் பேட் பழசு, முட்டிக்குக் கீழேயே முடிந்துவிடும்.
தவநேசம் அடிக்க, விழுந்து பார்த்தேன்.
புல் வழுக்கவில்லை.
முட்டித்தோல் பாடாங்கில், பந்து வலையில்.
"என்னடி, சாமி கும்பிடுறியா?"
மறுபடி அடித்தாள். மறுபடி.
மேல்மூலை, எப்போதும் மேல்மூலை.
விழுந்தவள் தோளுக்கு மேலே
எவ்வளவு வானம் காலி என்று
அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இரவு மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.
கால்தான் விழுகிறது, நெஞ்சு விழவில்லை.
கைகள் இரண்டும் முன்னால்,
தட்டு வாங்க வந்தவன் மாதிரி.
இப்போதுள்ள பையன்கள் அதையும் தாண்டி
ஒரு முட்டி கீழே, தோள் கம்பத்தில்,
கதவிடுக்குப் பல்லியாக ஒட்டிக்கொள்கிறார்கள்.
அந்த முதல் ஆள் மடையன் இல்லை.
முகம் திறந்திருந்தவன்
முகத்தை உயரத்தில் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.
முகமூடி வந்த பிறகுதான்
முட்டிக்குத் தைரியம் வந்தது.

ரொம்பின் அணியோடு ஆடிய அன்று மழை.
பாடாங் முழுக்கச் சேற்றுத் தண்ணீர்.
கடைசி நிமிடம், பெனால்டி கார்னர்.
நோர்ஹயாத்தி அடித்தாள்.
விழுந்தேன்.
வழுக்கியது!
புல் பனியானது,
பந்து காலில் பட்டுத் தெறித்தது,
தவநேசம் கத்தினாள்,
நான் நிற்கவில்லை,
சறுக்கிச் சறுக்கிக் கம்பத்தையும் தாண்டிவிட்டேன்.
காலியான வலைக்குள்
தெறித்த பந்தை யாரோ ஒருத்தி
நடந்தே வந்து தள்ளிவிட்டாள்.

திங்கள் இரவு.
ஆ சோய் கடையில் வாங்கிய ஐஸ் கட்டி
துணிக்குள், என் முட்டிமேல்.
எடைப்பாலத்தில் லோரி ஏறுகிறது.
டிரைவர் தலையை நீட்டி
எங்கே விழுந்தாய் என்கிறார்.
"விழல, போட்டேன்," என்கிறேன்.
அவருக்குப் புரியவில்லை, சீட்டை வாங்கிக்கொண்டு போகிறார்.
விழுந்த பின் நிற்பது எப்படி என்று
இன்னொரு படம் இருக்கும், தேட வேண்டும்.
ஐஸ் உருகி
சப்பாத்துக்குள் இறங்குகிறது.