மூன்றாம் ரோலரின் இலக்கம்

இரும்புத் தகட்டில் புடைத்து நிற்கிறது
1022117.
நாலு தரம் பெயின்ட் மாறியும்
ஏழு இலக்கத்தில் ஒன்றும் மழுங்கவில்லை.

"இது ஒடையாத நம்பரு" என்றான் அமிர்தராஜ்,
வாடிய கொழுந்தைத் தள்ளிவிட்டபடி.
"ஒடையும்" என்றேன்.
பந்தயம் இரண்டு ரொட்டி, கட்டச் சம்பலோடு.

அக்கரப்பத்தனையில் பதினொரு மணிக்கு மேல்
ஃபேக்டரி ஜன்னல் வழியே பனி வந்து
தராசுத் தட்டில் உட்காரும்.
முள் அசையாது.
அனுப்புச் சீட்டுகளின் முதுகில்
வகுக்கத் தொடங்கினேன்.

இரண்டிடம் போனால் ஒற்றை என்று திருப்பியது.
மூன்றுக்காக இலக்கங்களைக் கூட்டினேன், பதினாலு.
ஏழுக்கு மீதி ஐந்து.
பதினொன்றுக்கு எட்டு.
பதின்மூன்றுக்கு மறுபடியும் அதே ஐந்து,
இரண்டு கடையிலும்
ஒரே தொகைக்குக் கடன் வைத்த ஆளைப் போல.

கீழ் டிவிஷனிலிருந்து
கூடையோடு ஏறுகிறவளின் நடைதான் எனக்கும்.
நூற்றியொன்றில் ஒரு மாதம் முடிந்தது.
ஐந்நூற்று மூன்றில் மீதி இருபத்தொன்று,
அன்றைக்குத்தான் டிரையர் பெல்ட் அறுந்தது.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில்
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மிஞ்சியபோது
பேனாவும் தீர்ந்தது.

நூற்று அறுபத்தெட்டு முதன்மை எண்கள்.
நூற்று அறுபத்தெட்டு மீதிகள்.
ஆயிரத்தைத் தொட்டாயிற்று, இதற்கு மேல் யார் ஏறுவது?
ரொட்டியைச் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
தகட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தின்றான்.

சம்பள நாள் இரவு கரண்ட் போனது.
உருளைகள் நின்ற அமைதியில்
ஒரு சின்னச் சந்தேகம்:
வர்க்கமூலம் ஆயிரத்தோடு முடிகிறதா?
ஆயிரத்துப் பதினொன்றை அதனாலேயே பெருக்கினேன்,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.
1022121.
நம்முடையதைவிட நாலுதான் கூட.
நாலு!
நாலும் ஒரு வர்க்கம்.

பிறகு வகுக்கவே வேண்டியிருக்கவில்லை.
இரண்டைக் கழித்தால் ஒன்று, கூட்டினால் மற்றது,
ஆயிரத்து ஒன்பது, ஆயிரத்துப் பதின்மூன்று.
மூன்று மாதம் அடிவாரத்திலிருந்து ஏறியிருக்கிறேன்,
அது உச்சிக்கு ஓரடி கீழே உட்கார்ந்திருந்தது.
நான் திரும்பிய வளைவுக்கு
அடுத்த வளைவில்.

இருட்டில் தடவிக்கொண்டு போய்ச் சொன்னேன்.
"ரெண்டும் பக்கத்துப் பக்கத்து லயமா?" என்றான்.
"நடுவுல மூணு வீடு. அதுல யாரும் முதன்மை இல்ல."
"நடு வீட்டுக்காரன்?"
"மூணாலயே ஒடைஞ்சிடுவான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
தகட்டின் மேல் அவன் உள்ளங்கை இருந்ததை
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.
"யாருகிட்டயும் சொல்லாத," என்றான்,
"ஒடையாததுன்னு நெனச்சுத்தான்
இது இத்தன காலம் ஓடுது."

கரண்ட் வந்தது.
மூன்றாம் ரோலர் முனகித் திரும்பியது,
ஏழு இலக்கமும் நடுங்க.

என் இரண்டு ரொட்டி
இன்னும் வரவில்லை.