நாற்பத்தொன்றாம் எண்

கன்னத்தின் உட்புறத்தை மரக்குச்சியால் சுரண்டுகிறேன்.
கூசுது என்கிறார் ருத்ராபதி.
யீஷூன்காரர், வாடகைக் கார் ஓட்டுகிறார்.
யாரோ ஒரு பயணி
'வாய் நாற்றம்' என்றெழுதி
இரண்டு நட்சத்திரம் போட்ட நாளிலிருந்து
ஒவ்வொரு சவாரிக்கும் முன்
நீலத் தண்ணீர், முப்பது விநாடி.

சாயமேறிய செல்களை எண்ணுகிறேன்.
கருவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கரு,
தட்டோரம் சிந்திய ஒற்றைக் கசகசா.
உடைந்த டிஎன்ஏவின் துண்டு அது.
நூறு, அறுநூறு, ஆயிரம்.
அவருக்கு மூன்று.
வெறும் தண்ணீரில் வாய் கழுவும்
சியூ லிங்குக்கும் மூன்று.

'அப்ப கெடுக்குதா, இல்லையா?'
இரவு பதினொன்றுக்குக் குறுஞ்செய்தி.

அறுபது பேரை வைத்துச் சொல்ல முடியாது
என்று தட்டினேன். அழித்தேன்.
முதலில் சிகரெட்டை விடுங்கள்
என்று தட்டினேன்.
அவர் கேட்டது அதுவல்ல.
அதையும் அழித்தேன்.
'தட்டச்சு செய்கிறார்' என்று
எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

குளியலறையில் என் புட்டி
பாதி இருக்கிறது.
மூடியில் ஊற்றி, வாயில் எரியவிட்டு,
இருபது எண்ணித் துப்பினேன்.

மிச்சம் பத்து விநாடியை
எதற்குப் பயந்து விட்டேன்,
தெரியவில்லை.