மூன்றாவது முடக்கில் அமெரிக்கா

றம்பொடைக்கு மேலே, மூன்றாவது முடக்கில்
பிரேக் கருகும் நாற்றம் வந்ததும்
பண்டுல லொறியை ஓரங்கட்டினான்.
சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.
பின்னால் நாலாயிரம் கிலோ கரட்
மூட்டைக்குள் மெல்ல வியர்த்தது.

"சூடு இறங்க அரை மணித்தியாலம்.
அதுவரைக்கும் அமெரிக்கா போயிட்டு வா"
என்று தாடையால் காட்டினான்.

பழைய டயர்க்கடை. தகரக் கூரை.
சிவப்புப் பெயிண்டில் அமெறிக்கா.
அந்தப் பெரிய றகரத்தை யாரோ சுரண்டியும்
விடாமல் நின்றது.
பெரியவர்களுக்கு நூறு ரூபாய்,
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சும்மா,
அமெரிக்கர்களுக்கு ஐந்நூறு.

கரண்ட் இல்லை.
மருதவீரன் டோர்ச் அடித்துக் காட்டினார்:
நெவாடா நம்பர் பிளேட் ஏழு,
ஏழிலும் ஒரே எண்.
"அச்சடிச்சவன் அவசரக்காரன்."
ஒரு கவ்போய் தொப்பி, உள்ளே குளவிக்கூடு.
காலிக் கூடு என்றார்;
நான் கிட்டப் போகவில்லை.
ஹோட்டல் ஏலத்தில் எடுத்த பாட்டுப்பெட்டி
நம் சல்லிக்கு வாய் திறக்காது.
விலாவில் ஓங்கித் தட்டினார்.
பாடவில்லை. கொஞ்சம் இருமியது.

"எங்க புடிச்சீங்க இதெல்லாம்?"
"கொழும்புல வெள்ளக்காரங்க வீடு மாத்துறப்ப
குப்பையையும் விப்பாங்க.
நான் டிரையர் மெக்கானிக்.
காஞ்சது எதுவும் கெட்டதில்லைன்னு தெரியும்."
"அங்க போக ஆசையில்லையா?"
"அங்க போனா இதெல்லாம் சாதாரண சாமான்."

கண்ணாடிக்குள் ஓர் அரைக்கால்சட்டை,
அமெரிக்கன் மா வந்த சாக்கில் தைத்தது.
ரெண்டு கை குலுக்கும் படம்
சரியாகப் பின்பக்கத்தில்.
"எங்க அண்ணன் போட்டது.
அவன் உக்காரும்போதெல்லாம்
ரெண்டு நாட்டுக்கும் மூச்சு முட்டும்."
ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார்,
எனக்கு முன்னால் அவர்தான் சிரித்தார்.

பிறகு கொடி.
"எண்ணுங்க."
டோர்ச் வட்டம் வரிசை வரிசையாக நகர,
ஆறெட்டு நாற்பத்தெட்டு.
"கடைசி ரெண்டு மாநிலம் சேர முந்தித் தைச்சது."

நாற்பத்தெட்டு என்று
எங்கள் மலையில் சும்மா சொல்லிவிட முடியாது.
எங்கள் பெயர்
எந்த நாட்டுப் பதிவிலும் இல்லாமல் போன வருசம்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் கொடியைப் பார்த்தேன்.
"பொறகு சேத்துக்கிட்டாங்க,
அந்த ரெண்டையும்" என்றார்.
டோர்ச் அணைந்தது. உள்ளங்கையில் தட்டி
மறுபடி எரியவிட்டார்.

"அமெரிக்காக்காரங்க யாரும் வந்திருக்காங்களா?"
"ஒருத்தர். கக்கூஸ் எங்கன்னு கேட்டார்.
ஐந்நூறு வாங்கிட்டுத்தான் காட்டினேன்."

வாசலில் அவர் மனைவி பவளக்கொடி
சோளம் அவித்துக்கொண்டிருந்தார்.
உள்ளே இருந்ததில்
ஒரே ஒரு சாமான்தான் அவருக்குப் பிடித்தது:
அங்கே ஏதோ ஒரு கடையில் வாங்கி
யாரோ அனுப்பிய தேயிலை டின்.
கண்ணாடியைத் திறந்து எடுத்து
உப்புப் போட்டு வைத்துக்கொண்டார்.

டின்னில் ஒருத்தி சிரிக்கிறாள்.
உதட்டுச் சாயம், கசங்காத சேலை,
கூடை இடுப்பில், கோயிலுக்குப்
பூப்பறிக்க வந்தவள் மாதிரி.
காலில் அட்டைக்கடி ஒன்றுகூட இல்லை.

பவளக்கொடி அவள் தலையைத் திருகித் திறந்து
சோளத்துக்கு உப்பு அள்ளினார்.
"பதினெட்டுக் கிலோ எடுக்கச் சொல்லுங்க, பாப்போம்.
இவளுக்கெல்லாம் அரைப்பேர்தான் விழும்."

பண்டுல ஹோர்ன் அடித்தான்.
சோளத்தில் உப்பு கூட.
அதற்கும் நூறு ரூபாய்.