ஆரைப் பேசப்போறாய்

சேனலில் இருந்து அழைப்பு வந்த அன்று
அம்மா கேட்டது ஒன்றைத்தான்:
"ஆரைப் பேசப்போறாய்?"

எங்கள் வீட்டில் பேசுவது என்றால் திட்டுவது.
மற்றதெல்லாம் கதைப்பது.
கும்மிடிப்பூண்டிப் பள்ளியில் முதல் வாரம்,
"டீச்சர், இவள் என்னோட கதைக்கிறாள் இல்லை" என்றேன்.
வகுப்பே சிரித்தது.
அன்றைக்கு நாக்கை இரண்டாக மடித்தேன்.
முகாம் கேட்டுக்கு உள்ளே ஒன்று,
வெளியே ஒன்று.

அப்பா பெயின்டர். தேர்தல் வந்தால்
எங்கள் வீட்டில் இரண்டு வேளையும் மீன்.
பகலில் ஒரு கட்சிக்கு,
இரவில் அதை எதிர்க்கும் கட்சிக்கு,
சுண்ணாம்பு காயும் முன்பே 'வாக்களிப்பீர்' என்று எழுதுவார்.
வாளி பிடிப்பது நான்.
புள்ளி வைப்பதும் நான்.
அந்தச் சொல்லில் மூன்று புள்ளி,
சின்னத் தூரிகை, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்க வேண்டும்.
சுவரில் இருப்பது எல்லோருக்கும் என்றுதான்
ஒன்பது வயதில் நினைத்திருந்தேன்.

பதினாறில் முதல் மனு.
முப்பத்தெட்டுக் குடும்பம், ஆறு கழிப்பறை,
இரண்டுக்குத்தான் கதவு,
ஒன்றுக்கு மட்டும் தாழ்ப்பாள்.
வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த ஆள்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"யாரும்மா எழுதிக் கொடுத்தது?" என்றார்.
தாழ்ப்பாள் வந்தது,
பதினான்கு மாதம் கழித்து, துருவோடு.
பிறகு எல்லா மனுவும் என் கையெழுத்தில்.
அட்டை தொலைத்தவருக்கு, செத்தவருக்கு,
வேறு முகாமில் இருக்கும் புருஷனிடம் போக
அனுமதி கேட்கும் புதுப்பெண்ணுக்கு.
'பணிவுடன்' என்பதை
ஒரு நாளைக்கு ஒன்பது முறை எழுதியிருக்கிறேன்.

சேப்பாக்கத்தில் ஒரு ஆர்ப்பாட்டம்.
பேச வேண்டியவர் பாரிமுனை நெரிசலில்.
"ரெண்டு நிமிஷம் சமாளிம்மா" என்று மைக்கைத் தந்தார்கள்.
சமாளிக்கவில்லை.
பேசினேன்,
எங்கள் வீட்டு அர்த்தத்தில்.

மறுநாள் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள்.
அப்பாவிடம் மிக மரியாதையாகத் தண்ணீர் கேட்டார்கள்.
குடித்தார்கள். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.
அப்பா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.
நாலாம் நாள் என் செருப்புக்கு
அவரே வார் தைத்துக் கொடுத்தார்.

ஈக்காட்டுத்தாங்கல் ஸ்டூடியோவில்
எஸ்தர் அக்கா முகத்துக்குப் பவுடர் போடுவார்.
திரையின் அடியில் 'சரோஜினி, அரசியல் விமர்சகர்' என்று ஓடும்.
நான் நிரோஜினி.
மூன்று முறை சொன்னேன், பிறகு விட்டுவிட்டேன்.
எந்தத் தொகுதியில் யாருக்கு எத்தனை சதவீதம்,
எந்த ஒன்றியத்தில் யார் தாவினார்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
ஒரு இரவு எதிரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே,
"மேடம், உங்களுக்கு ஓட்டே கிடையாதே" என்றார்.
பதில் இருந்தது என்னிடம்.
பிறந்த ஆஸ்பத்திரி, வார்டு எண்,
குடியுரிமைச் சட்டத்தில் எங்களைக் கழற்றிவிட்ட வரி.
வாய் திறந்தேன், சிமென்ட் விளம்பரம்.
விளம்பரம் முடிந்து வந்தபோது
தலைப்பு மாறியிருந்தது.

வாக்குப்பதிவு நாள், வெள்ளிக்கிழமை.
காலை ஆறு மணியிலிருந்து மேசையில் இருக்கிறேன்.
வருகிற ஒவ்வொருவரும்
விரலைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்கள்.
என் விரல் மைக்குப் புதிதல்ல,
பத்தையும் உருட்டி எடுத்திருக்கிறார்கள் அட்டைக்காக.
இடைவேளையில் பவுடரை ஒற்றியபடி எஸ்தர் அக்கா,
"போட்டாச்சா நீ?"
"இல்லக்கா."
"ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கே,
ஓடிப்போய்ப் போட்டுட்டு வந்துரு."

கும்மிடிப்பூண்டிக்குக் கடைசி வண்டி.
எதிர் இருக்கையில் பூக்கூடையைக் கட்டிக்கொண்டு
ஒரு பெண் தூங்குகிறாள், விரலில் மை.
எண்ணூரில் போன் அடித்தது.
"இண்டைக்கு நல்லாப் பேசினாய்" என்றாள் அம்மா.
எந்தப் பேச்சு என்று கேட்க நினைத்தேன்.
அத்திப்பட்டில் சிக்னல் போய்விட்டது.

விடிந்தால் சனிக்கிழமை.
பத்து மணிக்கு முகாம் அலுவலகத்தில்
வரிசையில் நின்று
கையெழுத்துப் போட வேண்டும்.