முகத்தைத் திருப்பிக்கொள்பவள்

ஆறு வருடமாக என் வேலையில்
யாரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு.
எதிரில் இருப்பவர் ரகசிய எண்ணை அழுத்தும்போது
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மைல்ஸ் சிட்டி, மொன்டானா.
நில நிர்வாக அலுவலகத்தின் பின்னறை.
ஒரு கேமரா, கைரேகை வாங்கும் கண்ணாடி,
அட்டை அச்சிடும்போது முனகுகிற இயந்திரம்.
வெளியே சரக்கு ரயில். பெட்டிகளை எண்ணுவேன்.
சிலர் எட்டுப் பெட்டிக்குள் முடித்துவிடுவார்கள்.
காட்டுத்தீ அணைக்கச் சேர்ந்த ஒரு பையனுக்கு
நிலக்கரி வண்டி முழுதும் போய்
தண்டவாளம் காலியாக வேண்டியிருந்தது.
என்ன யோசித்தானோ. நான் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

புல்வெளி அளப்பவர்கள்,
பாறைக்குள் எலும்பு தேடுகிறவர்கள்,
காட்டுக்குதிரைகளின் கழுத்தில் குறியிடுகிறவர்கள்.
எல்லாருக்கும் அதே மூன்று வாக்கியம்:
களிம்பு தடவுங்கள், குளிரில் ரேகை விழாது.
நிமிர்ந்து பாருங்கள், சிரிக்க வேண்டாம்.
அட்டையை இரவல் தராதீர்கள், மனைவிக்கும்கூட.

ஜனவரி கடைசியில் திரை எனக்கே சொன்னது:
பிப்ரவரி பத்தொன்பது, உன் அட்டை காலாவதி.
அட்டை இல்லாமல் கணினி திறக்காது,
கணினி திறக்காமல் அட்டை பிறக்காது.
திறந்தாலும் கேட்பவரும் கொடுப்பவரும்
ஒரே ஆளாக இருக்கக் கூடாது.
தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதை
யாரோ விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

பில்லிங்ஸுக்கு நூற்று நாற்பத்தைந்து மைல்.
பனி வழுக்கலில் மூன்றரை மணி நேரம்.
அங்கே டுவேன்.
தினமும் தொலைபேசியில் பேசுகிற டுவேன்.
என் இருமலைக் கேட்டே
எத்தனை நாள் தூங்கவில்லை என்று சொல்லிவிடுவார்.
என் விவாகரத்தை என் அக்காவுக்கு முன்பே அறிந்தவர்.
நேரில் பார்த்ததில்லை.

நான் வாய் திறந்ததும் "ஆர்டிஸ்!" என்றார்.
பிறகு உட்கார்ந்து, தொண்டையைச் செருமி,
"அடையாளச் சான்று இரண்டு" என்றார்.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
சரிதான். நானும் கேட்டிருப்பேன்.

ஓட்டுநர் உரிமத்தில் ஆர்டிஸ் ஹோல்ம்பெர்க்.
பாஸ்போர்ட்டில் அதன் பின்னால் ஒரு சிறு கோடு,
கோட்டுக்குப் பின்னால் மெக்வே.
அந்தக் கோட்டை அழித்த தீர்ப்பு காரில் இருந்தது,
ஆயில் மாற்றிய ரசீதுகளுக்கு நடுவில்.
பனியில் ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

டுவேன் முதல் வரியிலிருந்து படித்தார்.
தொலைபேசியில் நான் சொல்லாத ஒன்று
மூன்றாம் பக்கத்தில் இருந்தது.
மற்ற பக்கங்களுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தையே
அதற்கும் எடுத்துக்கொண்டு
புரட்டினார்.

ரேகை விழவில்லை. நான்கு தடவை.
"களிம்பு" என்று புட்டியைத் தள்ளினார்.
அதே மலிவான லேவண்டர் வாசனை.
"சிரிக்க வேண்டாம்."
வேண்டாம் என்பதற்கு முன்பே சிரிப்பு நின்றிருந்தது.

பழைய அட்டையை வாங்கி
சில்லின் நடுவில் துளை போட்டார்.
ஸ்டேப்ளரைவிடச் சின்னச் சத்தம்.
விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினார்.
"ஆறு இலக்கம்."
நாற்காலியோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் அறைக்கு ஜன்னல் இல்லை.
ஆறு வருடம் பேசியும் எனக்கு இது தெரியாது.
சுவரில் தீயணைப்பான்,
அதில் தொங்கும் பரிசோதனைச் சீட்டு.
அதைப் படித்துக்கொண்டிருந்தார்.
எத்தனை பேருக்காக அதைப் படித்திருப்பார்.
பின்கழுத்தில் முடி கோணலாக வெட்டியிருந்தது.

எனக்கு ஓர் எண்ணும் வரவில்லை.
பிறந்த நாள் கூடாது. கல்யாண நாள் கூடாது.
வரிசையாக ஏறக் கூடாது, இறங்கக் கூடாது.
எல்லாருக்கும் நானே சொன்னவைதான்.
விரல் களிம்பில் வழுக்கியது.

"அவசரமில்லை" என்றார், சுவரைப் பார்த்து.

எதை அழுத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன்.
ஃபோர்சைத் தாண்டும்வரை வெளிச்சம் இருந்தது.
அப்புறம் விளக்கைப் போட்டுக்கொண்டேன்.