கட்டடம் கணக்கில் வராது

சத்துவாச்சாரி ஃபேஸ் டூவில்
எங்கள் தெருவுக்கு முதலில் ஒரே முகம்.
ஹவுசிங் போர்டு கொடுத்தது: ஒரு ஹால், ஒரு படுக்கையறை.
ராத்திரி கரண்ட் போனால்
பதினெட்டு வீடும் ஒரே குரலில் "ச்சே" என்னும்.

இப்போது பக்கத்தில் குணசீலன் மூன்று மாடி.
ஆறு கழிவறை. ஆள் இரண்டு பேர்.
என் துணிக்கொடிக்கு வெயில்
பதினொன்றரைக்கு வந்து பன்னிரண்டரைக்குப் போய்விடுகிறது.
வேலூரில் வெயிலுக்குப் பஞ்சம் வரும் என்று
யார் கண்டார்.

எதிர்வீட்டு எமல்டா டீச்சர் விற்றுவிட்டுப் போனார்.
அந்த இடத்தில் மூன்று வருடமாகக் கம்பிகள்
வானத்தைப் பார்த்துத் துருப்பிடிக்கின்றன.

தரகர் கலீல் டேப் பிடித்தார்.
முப்பதுக்கு ஐம்பது.
"மனைக்கு நல்ல ரேட்டு வரும் மேடம்.
கட்டடம் கணக்கில் வராது.
இடிக்கிற கூலியைக் கழிச்சுக்குவாங்க."

கழிக்கும் தொகையை
கரண்ட் கார்டின் பின்னால் எழுதித் தந்தார்.
நான் அந்தச் சமையலறைக்கு
மூன்று முறை டைல்ஸ் மாற்றியிருக்கிறேன்.

"சரி, பக்கத்து வீடு எவ்வளவு போகும்?"
கலீல் அண்ணாந்து பார்த்தார்.
"அவ்வளவு பெரிய வீட்டை
இந்தச் சந்துல யார் வாங்குவாங்க?"

சாயங்காலம் குணசீலன்
மேலிருந்து கூப்பிட்டார்.
லிப்ட் ரிப்பேர், முட்டிவலி, தொட்டி வழிகிறது,
கீழே மோட்டாரை அணைக்க முடியுமா.

அணைத்தேன்.
"தரகர் வந்தாரே, என் வீட்டைப் பத்தி
ஏதாவது சொன்னாரா?"

மோட்டார் நின்றுவிட்டதால்
காதில் விழாததுபோல் இருக்க
முடியவில்லை.